பன்னெண்டாவது தீர்மானம்

எங்க ஊராட்சி ஆபீஸ் முதல்ல ரேடியோ ரூமு. அப்புறம் டிவி ரூமு. டிவி ரிப்பேர் ஆனதும் ரெண்டு வருஷம் அதுல ஆடு கட்டி வச்சிருந்தாங்க. பிற்பாடு ஆட்டுப் புழுக்கையக் கூட்டித் தள்ளிட்டு ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, சுவத்துல காந்தி படம்னு வச்சு, இனிமே இதான் ஊராட்சி மன்ற அலுவலகம்னாங்க. நான் அங்க வேலைக்குச் சேந்தப்ப மூலையில ஆட்டு மூத்திர வாடை போகல. பினாயில் ஊத்திக் கழுவிக் கழுவி எனக்குத்தான் கை வலிச்சுது. இப்ப அந்தக் கட்டடத்துக்கு முன்னாடி மாநகராட்சியோட குப்பை வண்டிங்க நிக்குது.

சர்க்கார் கணக்குல நான் ஊராட்சி செயலர். ஊர்ல ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்ல, கிளார்க்குதான். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதனால எனக்குப் பின்னாடி வேற பேரும் இருந்துச்சு, அதை இங்க எழுத முடியாது. குழாயில தண்ணி வரலன்னா எனக்குத்தான் போன். தெருவிளக்கு எரியலன்னாலும் நான்தான். நாய் கடிச்சாக்கூட, "ஏன்யா, இதான் நீ ஊராட்சி நடத்துற லட்சணமா?"னு என்கிட்டதான் வருவாங்க. நாயை நானா வளத்தேன்?

ஊரு திருவண்ணாமலைக்கு ஒட்டுனாப்புல, வேங்கிக்கால் பக்கம். நான் சேந்த புதுசுல ஒரு பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலைக் கொல்லை, ஒரு பக்கம் நெல்லுக் கழனி, நடுவுல நாலு தெரு. கலெக்டர் ஆபீஸ் பக்கம் கட்டடம் ஏற ஏற, கொல்லையெல்லாம் பிளாட்டு ஆச்சு. கல்லு நட்டான், கொடி கட்டுனான், ரெண்டு வருஷத்துல மாடி வீடு எழும்பிடுச்சு. நாலு தெரு நாப்பது தெரு ஆயிடுச்சு. எங்க ஆபீஸ் மட்டும் அதே ரேடியோ ரூமு, அதே பீரோ. டேங்க் ஆபரேட்டர் ஒருத்தர், குப்பை அள்ற அம்மாங்க ஆறு பேரு, நான். இதை வச்சுக்கிட்டுத்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற கூட்டத்தையும் சமாளிச்சோம். இதெல்லாம் பெருமைக்குச் சொல்லல. ஒரு ஊராட்சின்னா அது இன்னான்னு இப்ப கேட்டா, பாதிப் பேருக்கு மறந்துபோச்சு. அதுக்குச் சொல்றேன்.

ஊராட்சின்னா கிராம சபை. வருஷத்துக்கு நாலு தரமாவது ஊரு ஒண்ணா உக்காரணும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. பள்ளிக்கூடத்து வராண்டாவுல ஜமுக்காளம் விரிப்போம், டீயும் போண்டாவும் சொல்லி வைப்போம். இன்னின்ன தீர்மானம் போடணும்னு மேல இருந்து லிஸ்ட் வந்துடும். மழைநீர் சேகரிப்பு, டெங்கு, பிளாஸ்டிக்னு வருஷா வருஷம் அதே லிஸ்ட்டுதான். ஊரு ஜனம் எழுந்து அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு கேக்கும். கேட்டா கை தூக்கணும், கை தூக்குனா தீர்மானம். அதை மினிட் புக்குல எழுதி, கீழ எல்லாரும் கையெழுத்துப் போடணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது.

நாங்க அப்படிச் செய்யல. இதை மறைச்சு எழுதறதுல பிரயோசனம் இல்ல. எங்க ஊர்ல கையெழுத்து முதல்ல, தீர்மானம் அப்புறம். போண்டா தீந்ததும் கூட்டம் கலைஞ்சுடும். ஒருத்தன் மாட்டைப் புடிக்கப் போவான், ஒருத்தனுக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு. கூட்டம் முடிஞ்சு கையெழுத்துக்கு ஆள் தேடுனா பத்துப் பேரு தேற மாட்டாங்க. அதனால ஆரம்பத்துலயே நோட்டைச் சுத்துக்கு விட்டுடுவேன். மேல ரெண்டு மூணு பக்கம் காலியா விட்டு, கீழ கையெழுத்து. அப்புறம் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், நிதானமா, நல்ல கையெழுத்துல, நடந்ததை எழுதி ரொப்புவேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான், பக்கத்து ஊராட்சியிலயும் அப்படித்தான். "இன்னாத்துல கையெழுத்துப் போடறோம்?"னு ஒருத்தரும் கேட்டதில்ல. கிளார்க்கு சரியா எழுதிடுவான்னு நம்பிக்கை. நானும் எழுதுனேன், ஒண்ணைத் தவிர.

அந்த ஒண்ணு, மேட்டுக் கொல்லைக்கார அக்காவோடது. அக்கா எனக்குச் சொந்தம் இல்ல. எங்க தெருவுல எல்லாருக்கும் அது அக்கா, அவ்வளவுதான். அதுக்கும் அது வீட்டுக்காரருக்கும் ஊருக்கு மேற்கால மேட்டுல ஒன்றரை ஏக்கர் கொல்லை. ஒரே பொண்ணு. பதினேழு வயசுல மர்மக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில மூணாம் நாள் போயிடுச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணு. சுடுகாட்டுக்கு அனுப்ப மனசு வரல. கொல்லை மூலையில, புங்க மரத்தடியிலயே அடக்கம் பண்ணாங்க. எங்க பக்கத்துல அப்படிப் போன பொண்ணு வீட்டுக்குச் சாமி. பூவாடைக்காரின்னு சொல்வோம். வருஷத்துக்கு ஒரு தரம் புதுப் பாவாடை, வளையல், பூ, மஞ்சள் வச்சுப் படைக்கணும். படைக்கலன்னா அது அழும்னு சொல்வாங்க. நான் இதையெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா அந்த அக்கா மூணு செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, கடையில இருந்து வாங்கிட்டு வந்த பாவாடையை விரிச்சு, அதோட நீளத்தைக் கையால தடவிப் பாக்கறதை ஒரு தரம் பாத்தேன். அதுக்கப்புறம் அதைப்பத்தி யாருகிட்டயும் கிண்டல் பேசுனதில்ல.

பொண்ணு போயி ரெண்டு வருஷம் கழிச்சு ஊர்ல தண்ணிக் கஷ்டம். புதுசா மேல்நிலைத் தொட்டி சாங்ஷன் ஆச்சு, வைக்க எடம் இல்ல. மேடான எடத்துல வச்சாத்தான் கடைசித் தெரு வரைக்கும் தண்ணி ஏறும். ஊருக்கே மேடு அக்காவோட கொல்லைதான். ஊராட்சித் தலைவரும் நானும் போய்க் கேட்டோம். அக்காவும் வீட்டுக்காரரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அக்காதான் சொல்லுச்சு: "எடுத்துக்கங்க தம்பி. ஊரு குடிக்கிற தண்ணி. ஆனா என் பொண்ணு படுத்திருக்கிற மூலைய ஒருத்தரும் தொடக் கூடாது. நான் படைக்க வந்தா ஏன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. அது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்."

தொட்டிக்கு மூலையும் சேத்துத்தான் எடம் வேண்டியிருந்துச்சு, வண்டி திரும்பணும் இல்ல. பத்திரம் எழுதறவர்கிட்ட போனா, "சர்க்காருக்குத் தானம் எழுதும்போது கண்டிஷன் கிண்டிஷன் போட முடியாதுப்பா. முழுசா எழுதிக் குடுத்துடுங்க. அந்த விஷயத்தைக் கிராம சபைத் தீர்மானத்துல ஏத்திக்கங்க, அது போதும்"னாரு. அக்கா என்னைப் பாத்துச்சு. நான்தான் சொன்னேன், "நான் இருக்கேன் அக்கா. நான் எழுதறேன்"னு. நல்லா ஞாபகம் இருக்கு, நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

அந்த வருஷம் காந்தி ஜெயந்திக் கூட்டத்துல மேல இருந்து வந்த பதினொரு தீர்மானம் முடிஞ்சதும் அக்கா எழுந்து நின்னுச்சு. கூட்டத்துல பேசிப் பழக்கம் இல்லாத பொம்பள. முந்தானைய வாயில வச்சுக்கிட்டே, பாதி அழுதுக்கிட்டே, மூணே வரியில சொல்லிட்டு உக்காந்துடுச்சு. பின்னாடி வரிசையில இருந்து பெட்டிக்கடைக்காரர் எழுந்து, "அது உன் பொண்ணு மட்டும் இல்லம்மா, எங்க ஊரு பொண்ணு. எவன் தொடறான்னு பாத்துடலாம்"னு சத்தம் போட்டாரு. அத்தினி கையும் மேல போச்சு. பன்னெண்டாவது தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுச்சு.

வீட்டுக்குப் போய் பதினொண்ணையும் எழுதிட்டேன். பன்னெண்டாவதுக்கு வந்து பேனா நின்னுடுச்சு. எப்படி எழுதறது? 'ஊராட்சிக்குச் சொந்தமான இடத்தில் உள்ள சமாதி'னு எழுதுனா, ஊராட்சி இடத்துல சமாதி எப்படி வந்துதுன்னு கேப்பான். பக்கத்து ஊராட்சிக் கிளார்க்கு ஒருத்தருக்கு, எனக்கு மூத்தவரு, போன் போட்டேன். "பைத்தியமா உனக்கு? அதை எழுதுனா ஆடிட்டுல உன்னைத் தொங்க விட்டுடுவான். சும்மா விடு"ன்னாரு. பயந்துட்டேன். சும்மா விடவும் மனசு வரல. எட்டு வரி எடம் விட்டு வச்சேன். நல்லா யோசிச்சு, யாரும் நொட்டை சொல்லாதபடி எழுதலாம்னு. அதுக்குள்ள ஒன்றிய ஆபீஸ்ல தீர்மானத்துக்குக் காபி கேட்டு அவசரப்படுத்துனாங்க. அப்படியே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிட்டேன். கார்த்திகை தீபம் வந்துடுச்சு, தண்ணி லாரி, தற்காலிகக் கழிவறைன்னு ராத்திரி பகல் பாக்காம ஓடுனோம். தீபம் முடியட்டும்னேன். பொங்கல் முடியட்டும்னேன். நோட்டு முடிஞ்சு போய் பீரோவுக்குள்ள ஏறிடுச்சு.

மறந்துட்டேன்னு சொன்னா பொய். ஏதாச்சும் பழைய தீர்மானம் தேட அந்த நோட்டை எடுப்பேன், அந்தப் பக்கம் வரும், சட்டுனு திருப்பிடுவேன். அக்காவை வழியில பாத்தா, "நல்லா இருக்கியா தம்பி?"னு கேக்கும். தொட்டி கட்டுனாங்க, தண்ணி ஏறுச்சு. மூலைய ஒருத்தரும் தொடல. அக்கா வருஷா வருஷம் படைச்சுது. அது வீட்டுக்காரரும் போய்ச் சேந்தாரு. எழுதாததால ஒண்ணும் கெட்டுப்போகலயேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். இப்படிப் பதினாலு வருஷம் ஓடிப்போச்சு.

அப்புறம் திருவண்ணாமலை மாநகராட்சி ஆச்சு. சுத்துப்பட்டு ஊராட்சிங்களோட எங்களதையும் சேக்கப் போறதா அறிவிச்சாங்க. பிளாட்டுல இருக்கறவங்களுக்குக் கொண்டாட்டம், ரோடு வரும், பாதாளச் சாக்கடை வரும்னு. பழைய தெருவுல நூறு நாள் வேலைக்குப் போன பொம்பளைங்க மண்ணை வாரித் தூத்துனாங்க. டவுன்ல நூறு நாள் வேலை கிடையாது, வயித்துல அடிச்சிட்டீங்களேன்னு என் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்தாங்க. நான் இன்னா பண்ணுவேன்? கடைசிக் கிராம சபையில வேணும்ங்கறவங்களும் வேணாம்ங்கறவங்களும் கத்துனாங்க. அதை அன்னிக்கே, அங்கயே உக்காந்து, வரிக்கு வரி எழுதுனேன். எழுதி ஒண்ணும் நடக்கல. ஒரு காயிதம் வந்துச்சு, ஊராட்சி இல்லாம போச்சு. அத்தினி வருஷம் அதைத் திட்டிக்கிட்டே வேலை பாத்தவன், அன்னிக்கு வீட்டுக்குப் போய் சோறு திங்கல.

நோட்டெல்லாம் கட்டிக் குட்டியானை வண்டியில மாநகராட்சிக்கு ஏத்தணும். ஏத்தறதுக்கு முன்னாடி மினிட் புக்குல காலி எடம் எங்க இருந்தாலும் குறுக்குக் கோடு போட்டு அடிச்சிடணும்னு உத்தரவு. பிற்பாடு யாரும் எதையும் நுழைச்சிடக் கூடாது இல்ல. ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் வச்சுக்கிட்டு மூணு நாளு கோடு போட்டேன். அந்த எட்டு வரிக்கு மட்டும் போடல. போட கை வரல.

மூணாம் நாள் மத்தியானம் அக்கா வந்துச்சு. வேகு வேகுன்னு நடந்து வந்து மூச்சு வாங்குது. மாநகராட்சி ஆளுங்க தொட்டிகிட்ட அளந்து சிவப்புப் பெயின்ட்ல குறி போட்டிருக்காங்க, பெருசா தரைத் தொட்டி கட்டப் போறாங்களாம். ஒரு குறி புங்க மரத்து மேலயே இருக்காம். "நான் ஒண்ணும் சண்டை போடல தம்பி. ஊரு பேசி முடிவு பண்ணது, எழுதி வச்சிருக்குதுன்னேன். அப்ப அதுக்கு ஜெராக்ஸ் காபி கொண்டாங்கம்மான்னு மரியாதையாத்தான் சொன்னான் அந்தப் பையன். ஒரு காபி எடுத்துக் குடு. நான் காட்டிக்கறேன்." அது மூஞ்சியில துளி கலக்கம் இல்ல. எழுதி இருக்குதே, அப்புறம் இன்னா கலக்கம்?

நான் எரிஞ்சு விழுந்தேன். "வேலை தலைக்கு மேல கிடக்குது, வந்த உடனே எடுத்துக் குடுன்னா எப்படி? நாளைக்கு வாங்க"ன்னேன். தப்பு பண்ணவனுக்குத்தான் கோபம் முந்திக்கிட்டு வருது. "சரிப்பா, கோச்சுக்காத"ன்னுட்டு அக்கா போயிடுச்சு. நான் பீரோவைத் தொறந்து அந்த நோட்டை எடுத்துப் பாத்தேன். பதினொண்ணு முடிஞ்சு, எட்டு வரி வெறும் எடம், கீழ நாப்பத்திமூணு கையெழுத்து. பதினாறாவது அக்காவோடது. முதியோர் கல்வியில எழுதப் பழகுனது, கோணல் மாணலா, அழுத்தி அழுத்திப் போட்டிருந்துச்சு. அதுக்குத் தன் பேரு மட்டும்தான் எழுத வரும், வேற படிக்க வராது.

பழைய தலைவர்கிட்ட போனேன். மனுஷன் பதவி போயி வீட்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. விஷயத்தைக் கேட்டு என்னை மேலும் கீழும் பாத்தாரு. "அடப்பாவி, எழுதலியா? சரி, இப்ப எழுதிடுய்யா. நடக்காததையா எழுதப் போற? நடந்ததுதானே? அத்தினி பேரும் கை தூக்குனது எனக்கே ஞாபகம் இருக்குது"ன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நடந்ததைத்தானே எழுதறோம், இதுல இன்னா தப்பு? மறுநாள் காலையில குளிச்சிட்டு, பரண்ல கிடந்த பழைய மைப்பேனாவைத் தேடி எடுத்து, அந்த எட்டு வரியில எழுதுனேன். சத்தியமா சொல்றேன், என் வாழ்க்கையிலயே நல்லா எழுதுன தீர்மானம் அதுதான். எந்த ஆடிட்டரும் வாயைத் தொறக்க முடியாது. இதைப் பதினாலு வருஷம் முன்னாடி எழுதறதுக்கு எனக்கு இன்னா கேடு வந்துச்சு?

அக்காவையும் கூட்டிக்கிட்டு டவுன்ல இருக்கிற ஆபீசுக்குப் போனோம். இன்ஜினியர் ஒரு லேடி, முப்பது வயசு இருக்கும், வெளியூர்க்காரங்க. எழுந்து நின்னு அக்காவுக்கு நாற்காலி போட்டாங்க. நான் நோட்டைத் தொறந்து வச்சேன். படிச்சாங்க, ரெண்டு தரம் படிச்சாங்க. அப்புறம் ஒரு ஃபைலை இழுத்து, அதுல இருந்து ஒரு பழைய ஜெராக்ஸை எடுத்து நோட்டுக்குப் பக்கத்துல வச்சாங்க. ஒன்றிய ஆபீஸ்ல இருந்து வந்த ஃபைலு. நானே அனுப்புனது, என் சீலு, என் கையெழுத்து. பதினொண்ணு தீர்மானம், எட்டு வரி காலி, கீழ நாப்பத்திமூணு கையெழுத்து.

அந்தம்மா சத்தம் போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். "சார், இது எப்ப எழுதுனது?"னு மட்டும் மெதுவா கேட்டாங்க. "இன்னிக்கு காலையில"ன்னேன். "ஆனா நடந்ததுங்க மேடம். ஊரே கை தூக்குச்சு. நான்தான் எழுதாம விட்டுட்டேன்." அந்தம்மா பெருமூச்சு விட்டாங்க. "இதை நான் பாக்காத மாதிரி வச்சுக்கறேன். அன்னிக்குக் கூட்டத்துல இருந்தவங்க ரெண்டு மூணு பேரு எழுதிக் குடுக்கட்டும். அதை வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமான்னு பாக்கறேன்"னாங்க.

அக்கா என்னைப் பாக்கல, நோட்டைத்தான் பாத்துச்சு. பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிற்பாடுதான் கேட்டுச்சு. "அப்போ இத்தினி வருஷமா அதுல ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல அக்கா."

"நான் கையெழுத்துப் போட்டேனே."

பஸ் வந்துச்சு. அக்கா முன்னாடி ஏறிப் போய் உக்காந்துச்சு, நான் பின்னாடி நின்னுக்கிட்டு வந்தேன். ஊர்ல எறங்குனதும் திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போயிடுச்சு.

ரெண்டு நாளு வீடு வீடா ஏறுனேன். நாப்பத்திமூணு பேர்ல பாதிப் பேரு இல்ல, செத்துப்போனவங்க, ஊரை விட்டுப் போனவங்க. மிச்சப் பேருகிட்ட கேட்டேன். "கூட்டத்துக்கு வந்தேன், கையெழுத்துப் போட்டேன், மாடு அவுத்துக்கிச்சுன்னு ஓடிட்டேன்"னு ஒருத்தர். "அக்கா பேசுச்சா? அப்படியா?"ன்னு ஒருத்தர். கல்லு மாதிரி இருந்த ஒரு ஆளு, "நீ நீட்டுன எடத்துல போட்டோம். அதுக்கு மேல இன்னா எழுதப் போறன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீயே எழுதல, இப்ப எங்களை எழுதிக் குடுன்னா, நாளைக்குக் கோர்ட்டு கேசுன்னு யாரு அலையறது?"ன்னாரு. அன்னிக்குச் சத்தம் போட்ட பெட்டிக்கடைக்காரரைத்தான் மலை போல நம்பியிருந்தேன். அவரு கண்ணு சரியாத் தெரியாம கட்டில்ல உக்காந்திருந்தாரு. நான் முழுசும் சொல்லி முடிச்சதும், "நானா அப்படிச் சொன்னேன்? நல்ல வார்த்தையாத்தான் சொல்லியிருக்கேன்"னு சிரிச்சாரு. தலைவர்கிட்ட போனா, "எழுதுன்னு நான் சொன்னதா எங்கயும் சொல்லிடாதய்யா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஊரைத் திட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். பாதி வழியிலயே திட்டறதை நிறுத்திட்டேன். படிக்காம கையெழுத்துப் போட இந்த ஜனத்தைப் பழக்குனதே நான்தானே?

அன்னிக்கு உக்காந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். ஊராட்சி செயலராகிய நான், கூட்டம் ஏகமனதாக நிறைவேற்றிய பன்னிரண்டாவது தீர்மானத்தைப் பதிவு செய்யத் தவறினேன், பதினாலு வருஷம் கழித்து என் கையால் நுழைத்தேன், இரண்டுக்கும் நானே பொறுப்பு, அந்த அம்மாளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். எம் பொண்டாட்டி படிச்சுப் பாத்துட்டு, "ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்குது, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அந்த மேடமே பாக்காத மாதிரி வச்சுக்கறேன்னு சொன்னாங்க இல்ல?"ன்னு கத்துனா. அவ சொன்னதுல தப்பே இல்ல. மறுநாள் கொண்டுபோய் இன்ஜினியரம்மாகிட்டயே குடுத்துட்டேன். அதுக்கு மெமோ வந்துச்சு, விசாரணை இன்னும் ஓடிக்கிட்டு இருக்குது, பென்ஷன் எப்ப கைக்கு வரும்னு தெரியல. அது எனக்கு வேண்டியதுதான்.

ஒரு வாரம் கழிச்சு இன்ஜினியரம்மா மேட்டுக்கு வந்தாங்க. காலை நேரம், மலை உச்சியில மேகம் மூடிக்கிட்டு இருந்துச்சு. அக்கா ஏற்கெனவே அங்க நின்னுக்கிட்டு இருந்துச்சு. மூணு செங்கல்லு, அதுக்கு முன்னாடி அன்னிக்கு வச்ச செவ்வரளி. அந்தம்மா கிட்டப் போறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டுப் போனாங்க. "எத்தினி வயசும்மா?"னு கேட்டாங்க. "பதினேழு"ன்னுச்சு அக்கா. அப்புறம் ஆளுங்களைக் கூப்பிட்டு டேப்பைப் புடிக்கச் சொல்லி, தரைத் தொட்டியைக் கிழக்கால தள்ளிக் குறி போடச் சொன்னாங்க. வண்டி திரும்ப எடம் கம்மியாத்தான் இருக்கும், பரவால்லன்னாங்க. எனக்கு அந்தம்மா கால்ல விழலாம் போல இருந்துச்சு.

ஆனா குடிதண்ணி எடம். சுத்தி காம்பவுண்டு சுவரு எழுப்பி கேட்டுக்குப் பூட்டுப் போட்டே ஆகணும், அதை யாராலயும் மாத்த முடியாது. அக்கா உள்ள போய்ப் படைக்கணும்னா முன்கூட்டி மனு குடுக்கணும். ஒரு ஆளு வந்து தொறந்து விடுவாரு, முடியற வரைக்கும் கூடவே நிப்பாரு. பொண்ணை யாரும் தொட மாட்டாங்க, ஆனா அம்மா நெனச்ச நேரத்துக்குப் போய்ப் பாக்க முடியாது. ஒரு வரி, ஒரே ஒரு வரி அன்னிக்கே நான் எழுதியிருந்தா, அந்த மூலைய வெளிய விட்டே சுவத்தை எழுப்பியிருப்பாங்க. இதை இன்ஜினியரம்மாவேதான் என்கிட்ட சொன்னாங்க. குத்திக்காட்டிச் சொல்லல, வருத்தமாத்தான் சொன்னாங்க.

அதுக்கப்புறம் அக்கா என்கூடப் பேசல. வழியில பாத்தா பக்கத்துத் தெருவுல திரும்பிடும். நானும் போய் நிக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிக்கறது?

ஆடி பொறந்து நாலாம் நாள், என்னைப் போட்டிருக்கற புது ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுச்சு. "படையலுக்கு மனு எழுதணும். நீ எழுது"ன்னுச்சு. தம்பின்னு சொல்லல. வாசல்ல மனு எழுதிக் குடுக்கறவங்க நாலு பேரு உக்காந்திருந்தாங்க. அவங்களைத் தாண்டித்தான் என்கிட்ட வந்துச்சு. நான் ஏன்னு கேக்கல. தாளை எடுத்து உக்காந்தேன். ஐயா, மேட்டுத் தொட்டி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ள என் மகளுக்கு வரும் வெள்ளிக்கிழமை படையல் வைக்க, காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை கதவைத் திறந்து விடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கீழ கையெழுத்துக்கு எடம் விட்டு, பேனாவோட சேத்து அக்காகிட்ட நீட்டுனேன்.

அக்கா பேனாவை வாங்கல. "படிச்சுக் காட்டு"ன்னுச்சு.

படிச்சேன். முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு எழுத்து விடாம. ஆபீஸ்ல நாலு பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அக்கா என் வாயையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. முடிஞ்சதும் தாளைக் கையில வாங்கி, திருப்பிப் பின்பக்கம் பாத்துச்சு. அப்புறம் படியெறங்கிப் பக்கத்துல இருக்கற ஜெராக்ஸ் கடைக்குப் போச்சு. நான் பின்னாடியே பேனாவோட போனேன். கடைக்கார அம்மாகிட்ட தாளை நீட்டி, "இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிம்மா"ன்னுச்சு. அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சத்தமா படிச்சாங்க. நான் எழுதுனதை, நான் படிச்ச அதே வார்த்தையை, ரோட்டுல நின்னு மறுபடி கேட்டேன்.

எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்குதுன்னு அந்தம்மா சொன்ன பிற்பாடுதான், அக்கா என் கையில இருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுச்சு.